நாலாம் நம்பர் நாற்காலியில் கேட்ட காலடி

தமயந்தி புதிய சவுண்டு கார்டைப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் விளையாட்டின் ஆளில்லாத பயிற்சி மைதானத்தில் துப்பாக்கியோடு அசையாமல் நின்றபோது, விளையாட்டில் இல்லாத ஒரு செருப்புச் சத்தம் இடப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. அது அம்மா என்று கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து அம்மா நடப்பதைப் பார்த்திருக்கிறாளே தவிர, அவள் கேட்டதில்லை.

சின்னாம்பாளையத்தில் காலடிச் சத்தம் என்ற ஒன்றே கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து பைபாஸ் ரோடு வரைக்கும் சந்துக்குச் சந்து, வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடியது, பொழுது விடிந்தும் ஓடியது, பொழுது சாய்ந்தும் ஓடியது, மின்சாரம் நின்றுபோன நேரத்திலும் ஜனங்களின் காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதனால் அந்த ஊரில் பேச்செல்லாம் உதட்டில் நடந்தது. ஒருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து, கையைக் காட்டி, அவர் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பின்னால் வந்து தோளைத் தொடுகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள். ஓடுகிற தறிக்கு முன்னால் நிற்கிறவள் திடுக்கிட்டால் விரல் போய்விடும் அல்லவா.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நூல் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது கருடா கேமிங் சென்டர். அதன் முதலாளி செங்கோடன், அப்பா வைத்துவிட்டுப் போன தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டவர். தமயந்தி அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டாள். அவள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவளே அவள்தான், எலக்ட்ரானிக்ஸ் படித்துப் பட்டமும் வாங்கியிருந்தாள். வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களிலிருந்து பதில் வரும்வரைக்கும் என்று சேர்ந்தது, பதில் வரவேயில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் மஞ்சுபாஷினி. ஒரே சந்து, ஒரே கல்லூரி பஸ், ஒரே சோற்றுப் பாத்திரம் என்று வளர்ந்தவர்கள் இருவரும். கோயம்புத்தூரில் நடக்கப்போகிற ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். பாஷினி முன்னால் பாய்ந்து ஓடிச் சுடுவாள், தமயந்தி பின்னால் நின்று எதிராளியின் காலடியைக் கேட்டு, “இடது பக்கம் புள்ள, மாடிப்படி, ரெண்டு பேரு” என்று மைக்கில் சொல்லுவாள். மூன்று அடி எடுத்து வைப்பாள், நின்று கேட்பாள், மறுபடி மூன்று அடி. அவள் நடை அப்படி. “கல்யாண ஊர்வலத்துல போற மாதிரியே போறா பாரு” என்று பாஷினி சிரிப்பாள்.

ஆனால் கேட்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. தறிக்குப் போகிற அதே மின்சார லைனில் கம்ப்யூட்டர்களும் ஓடியதால் மதர்போர்டில் கூடவே வந்த சவுண்டில் எப்போதும் ஓர் இரைச்சல், மவுஸை நகர்த்தினால் அதற்கொரு கீச்சொலி. போட்டிக்கு நல்ல சாமானாக வாங்கலாம் என்று செங்கோடன் ஒத்துக்கொண்டபோது, பெட்டிமேல் சிங்கம் போட்ட ஒரு ஹெட்செட்டின் படத்தைப் போனில் காட்டினார்.

“ஏம்மிணி, ஏழு ஸ்பீக்கர் சத்தம்னு போட்டிருக்கான் பாரு. செவப்பு லைட்டு வேற எரியுது.”

“காது ரெண்டுதானுங்கண்ணா இருக்குது.”

“அப்ப லைட்டு?”

“அது காதுக்குத் தெரியாதுங்கண்ணா.”

“அண்ணனுக்குத் தனியா ஒண்ணு வாங்கிக் குடுத்துரலாம் புள்ள,” என்று பாஷினி கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தாள். “மாரியம்மன் பண்டிகைக்கு மாட்டிக்குவாரு.”

தமயந்தி எந்த வேலையையும் பயந்து பயந்துதான் செய்வாள், ஆனால் குறை வைக்கமாட்டாள். கம்ப்யூட்டருக்கு உள்ளே செருகுகிற கார்டு வேண்டாம், உள்ளேயிருக்கிற மின்னிரைச்சல் அதற்கும் தொற்றும் என்று வெளியே வைக்கிற யூஎஸ்பி கார்டாகத் தேர்ந்தெடுத்தாள். ஹெட்போனை, பாட்டுக் கேட்கிறவர்கள் வாங்குகிற, இரண்டு பக்கமும் வலைபோலத் திறந்திருக்கிற சாதாரணமானதாக எடுத்தாள். மூடிய ஹெட்போனில் சத்தம் தலைக்குள் கேட்கும், திறந்ததில் அது வெளியே, தூரத்தில், தன் இடத்தில் கேட்கும் என்றாள். நாலாம் நம்பர் மெஷினுக்குத் தனியாக எர்த் கம்பி இழுக்கச் சொன்னாள். பிறகு செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக அணைத்தாள்: முழக்கத்தைக் கூட்டுவதை அணைத்தாள், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதை அணைத்தாள், கார்டு தன் பங்குக்குப் போடுகிற சரவுண்டையும் அணைத்தாள். திசையைச் சொல்லும் வேலையை விளையாட்டே செய்யும், கார்டும் சேர்ந்து செய்தால் முன்னால் வருகிறவன் பின்னால் வருகிறவனாகிவிடுவான், பொய்யில்லாமல் கேட்கட்டும் என்றாள்.

அப்படிப் பொய்யெல்லாம் அணைந்து, இரைச்சல் வடிந்து, காது வெறும் காதாகிய அந்த மதியத்தில்தான் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வார் அறுந்து நூலால் தைத்திருந்த இடது செருப்பு தரையை இழுத்துக்கொண்டு வந்தது, குடோன் வாசலின் சரளைக்கல்லில் நொறுநொறுத்தது, படியேறியது, படிக்குப் படி மூச்சு வாங்கி நின்றது. பிறகு பாவாயி சுற்றிக்கொண்டு மகளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்று கையைக் காட்டி, “சோத்துப் போசிய மறந்துட்டு வந்துட்டியே சாமி” என்று உதட்டை அசைத்தாள்.

இரண்டு நாளிலேயே அதன் விதிமுறை ஊருக்குப் புரிந்துவிட்டது. நாலாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, ஆளில்லாத மைதானத்தில் அசையாமல் நின்றால், யார் உங்களைத் தேடிக் கிளம்பியிருக்கிறார்களோ அவர்களுடைய காலடி, எத்தனை தூரத்திலிருந்தாலும், கிளம்பிய கணத்திலிருந்து கேட்கும். உங்களைத் தேடி வருகிறவர்களின் காலடி உங்களுக்கு மட்டும்தான் கேட்கும், ஹெட்போனைப் பக்கத்திலிருப்பவர் வாங்கி மாட்டினால் அவருக்கு அவருடையது கேட்கும், இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது. இவ்வளவுதான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தறி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் நடந்த நடையெல்லாம் கேட்பாரில்லாமல் எங்கேயாவது தேங்கித்தானே கிடந்திருக்கும், அதற்கு இப்போது ஒரு மடை திறந்திருக்கிறது என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, அந்தப் பிள்ளை எர்த் கம்பியை நல்ல ஆழத்துக்கு இறக்கிவிட்டது என்றார் இன்னொருவர்.

அதற்கப்புறம் சின்னாம்பாளையம் அந்த நாற்காலியைப் புதிதாக வந்த ஒரு டவுன்பஸ்ஸைப்போல எடுத்துக்கொண்டது. மாமியார்கள் வந்து உட்கார்ந்து மருமகன் கிளம்பிவிட்டதைக் கேட்டுக் கோழி அடிக்கச் சொல்லி ஆளனுப்பினார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியின் கொலுசு சங்ககிரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டதைக் கேட்ட ஒருவன், வீட்டுக்கு ஓடிப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தான். கல்யாணத் தரகர் நாச்சிமுத்து, பெண்வீட்டாரை உட்காரவைத்து மாப்பிள்ளை வீட்டார் நிஜமாகவே கிளம்பினார்களா என்று கேட்கவைத்த பிறகுதான் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைக்கச் சொன்னார். மின்வாரியத்திலிருந்து சோதனைக்கு வருகிறவரின் காலடி முன்கூட்டியே கேட்டுவிட்டதால் அந்த மாதம் ஊரில் மின்சாரம் திருடப் போட்ட ஒரு கொக்கிகூட அகப்படவில்லை. யாரோ சவுண்டு கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்கள். தமயந்தி தினமும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதைத் துடைத்து, “ஜாக்குக்குள்ள போனா கரகரங்குங்க, வெளிய வேணா வச்சுக்கங்க” என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். செங்கோடன் செருப்பை வெளியே விடச்சொல்லிப் போர்டு வைத்தார். விளையாட வந்தவர்கள் மற்ற மெஷின்களில் விளையாடினார்கள், செத்தார்கள், பிழைத்தார்கள், நாலாம் நம்பர் மட்டும் யாருக்காகவோ அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் ஒன்றும் கேட்காதவர்களும் இருந்தார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களே அதிகம் என்று தெரிந்தது. எத்தனையோ பேர் குளித்து, நல்ல சேலை கட்டி, வரிசையில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தங்களை நோக்கி ஒரு செருப்புகூட நகரவில்லை என்பதைக் கேட்டுவிட்டு எழுந்தார்கள். அவர்கள் ஹெட்போனைக் கழற்றி வைக்கிற பக்குவம் தனியாக இருக்கும், தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதைப்போல. போகும்போது தமயந்தியை, ஏதோ அவள்தான் யாரையும் அனுப்பாமல் வைத்துக்கொண்டிருப்பதைப்போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இச்சல்கரஞ்சியிலிருந்து போன் வந்தது.

தமயந்தியின் அண்ணன் சீராளன் அங்கே இருந்தான். தறிக்காரர் ஒருவரோடு கைகலப்பாகி, போலீஸுக்குப் பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் மராட்டிய தேசத்துத் தறிக்குப் போனவன், அதற்குப்பிறகு ஒருதடவையும் பேசியதில்லை. இப்போது பேசியது அங்கே அவனோடு வேலை பார்த்த சின்னாம்பாளையத்துக்காரர் அர்த்தநாரி. சீராளனுக்கு மஞ்சள் காமாலை, அறையிலேயே படுத்துக் கிடக்கிறான், போனை விற்றுவிட்டான், “யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனா தேவலீங்க அம்மிணி, வாய் திறந்து கேக்கமாட்டேங்கறான், ஆனா கதவு தெறக்கறப்பெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறான்” என்றார்.

பாவாயி அழவில்லை. ரயிலுக்கு டிக்கெட் போடச் சொன்னாள், தமயந்தி போட்டாள். கிளம்புவதற்கு முன் இருந்த நாட்களில் பாவாயி, பட்டறையில் தறிக்கு நூல்தார் சுற்றுகிற வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பஞ்சோடு வந்து நாலாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகன் தானாகவே எழுந்து கிளம்பிவிட்டானோ என்று கேட்டாள். முதல்நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள், மேலே ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்த தமயந்தி, அம்மாவின் முகம் விளக்குப் போட்டதைப்போல மலர்வதைப் பார்த்தாள்.

“வர்றான்,” என்றாள் பாவாயி. உதட்டில் இல்லை, குரலெடுத்துச் சொன்னாள். “எம்பையன் வர்றான் கண்ணு. கேக்குது.”

கவுண்டரிலிருந்த பாஷினி கைதட்டினாள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள்.

அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள் பாவாயி. நாம் அங்கே போய் அவன் இங்கே வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பிப் போனால் என்ன செய்வது என்றாள். அவளே அர்த்தநாரிக்குப் போன் போட்டு, அவன் கிளம்பிட்டானுங்க, நீங்க கவலப்படாதீங்க, கேட்டுட்டுத்தான் சொல்றேன் என்றாள். இதற்குள் வேறொரு தறிக்கு மாறி இச்சல்கரஞ்சியின் மறுகோடிக்குப் போயிருந்த அர்த்தநாரி, அப்படீங்களா, சந்தோசமுங்க என்றார்.

பிறகு பாவாயி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள், காமாலைக்கென்று கீழாநெல்லி பிடுங்கிவந்து தொட்டியில் நட்டுவைத்தாள். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது எங்கே வருகிறான் என்று கேட்டுவந்து சந்துக்கே சொன்னாள். அவளுக்கு மட்டுமில்லை, அந்த வாரத்திலிருந்து ஊரில் எல்லோருக்குமே கேட்க ஆரம்பித்தது. ஒன்றும் கேட்காமல் எழுந்து போனவர்களெல்லாம் திரும்பி வந்து, காதில் மாட்டி, கண்ணை மூடி, கைகூப்பினார்கள். துபாய்க்குப் போனவன் வந்துகொண்டிருந்தான், வேறொருத்தியோடு போனவன் வந்துகொண்டிருந்தான், ஆற்றில் போனவன்கூட வந்துகொண்டிருந்தான். ஒருத்தரும் இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள், ஊர் முழுக்கப் பாய் உதறிப் போட்டுக் காத்திருந்தது, வரிசை படியிறங்கி, குடோனைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் போய் நின்றது.

தமயந்தி தானும் ஒருநாள் உட்கார்ந்து கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

“உனக்கெப்படிக் கேக்கும்?” என்றாள் பாவாயி. “அவன் என்னையத்தான பாக்க வர்றான்.”

அந்தச் சொல் தமயந்திக்கு நெஞ்சில் தைத்தது. தைத்ததால்தான் அவள் சந்தேகத்தை வெளியில் எடுக்கவில்லை. அண்ணன் தறி ஓட்டிப் படிக்கவைத்த பட்டத்தை வைத்துக்கொண்டு, அவன் தன்னைத் தேடி வரவில்லை என்கிற பொறாமையில் பேசுகிறோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள்.

ஒரு மதியம் பாவாயிக்கு உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது, இரவெல்லாம் தார் சுற்றியவள். தலை சாய்ந்து ஹெட்போன் நழுவியது. அது கீழே விழாமல் பிடித்த தமயந்தி, காதுப் பஞ்சில் எண்ணெய்ப்பிசுக்கு ஏறியிருப்பதைப் பார்த்து, துடைப்பதற்குமுன் சத்தம் சரியாக இருக்கிறதா என்று, எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் செய்வதைப்போல, தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

காலடி கேட்டது.

அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாது. அது அம்மாவுக்கு வருகிற காலடி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கான்கிரீட் தரையில் பூட்ஸ். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். ஒரேசமயத்தில் முன்னாலும் பின்னாலும் கேட்டது, எந்தத் திசையிலிருந்தும் அது நெருங்கவில்லை. மண்ணில் இறங்கவில்லை, தார்ரோட்டில் ஏறவில்லை, இச்சல்கரஞ்சியிலிருந்து சின்னாம்பாளையம் வரைக்கும் ஒரே கான்கிரீட்டாக இருந்தது. விளையாடத் தெரிந்த யாரும் ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் விளையாடத் தெரிந்தவர்கள் யாரும் அந்த நாற்காலிக்கு வருவதில்லை. வந்தவர்கள் காலமெல்லாம் தறிக்குள் வாழ்ந்தவர்கள். மனிதர் நடந்தால் எப்படிக் கேட்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது, செருப்புக்கும் பூட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது, கேட்டதையெல்லாம் தங்கள் ஆள் என்று நம்பினார்கள்.

அந்த நடை தமயந்திக்குத் தெரியும். அது அவளுடையது.

அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். அணைத்திருந்த சரவுண்டு எரிந்துகொண்டிருந்தது. கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு லைன் வந்து நாலாம் நம்பரில் சேர்ந்திருந்தது. அவளும் பாஷினியும் பழகிய ஆட்டமொன்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டு, திரும்பத் திரும்ப ஓடியது. அவள் உட்கார்ந்து கேட்ட அன்று மட்டும் கவுண்டரிலிருந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவள் கவுண்டருக்குப் போனாள். சுற்றிக்கொண்டு பாஷினியின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். கையைக் காட்டத் தேவையிருக்கவில்லை, பாஷினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“எப்பருந்து?”

“தமா, கொஞ்சம் மெதுவாப் பேசு. வரிசை நிக்குது.”

“எப்பருந்து புள்ள?”

“உங்கம்மாவுக்குத்தான் மொதல்ல போட்டேன்,” என்றாள் பாஷினி. அவள் கண் கலங்கியது. “ரெண்டு நாளா ஒண்ணுங் கேக்காம எந்திரிச்சுப் போச்சு. படியில உக்காந்துக்கிட்டு நூலப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தாங்கல. ஒரு நாளைக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு போட்டேன்.”

“ஒரு நாளைக்கு.”

“அப்பறம் அண்ணன் பாத்துட்டாரு.”

செங்கோடன் உள்ளறையிலிருந்து வந்தார். “இதுல என்னம்மிணி தப்பு? யாருக்கும் நட்டமில்லையே. அழுதுட்டுப் போனவிய எல்லாம் சிரிச்சுட்டுப் போறாங்க. கோயில்ல என்ன, சாமி வந்து பேசுதா? போயி உக்காந்து எந்திரிச்சு வந்தா ஒரு தெம்பு. அதுதானே?”

“நிசமாவே கேட்டவியளும் இருந்தாங்களேண்ணா. அவியளுக்கும் சேத்து இதத்தான போட்டீங்க? இப்ப எது வருது, எது வரலன்னு யாருக்குத் தெரியும்?”

“யாரு கேட்டா?” என்றார் செங்கோடன். “யாராச்சும் வந்து கேட்டாங்களா?”

தமயந்தி அவரை விட்டுவிட்டாள். பாஷினியைத்தான் பார்த்தாள். “அந்த எழவெடுத்த ஆட்டத்துல சத்தம் ஆயிரம் இருக்குதே பாஷினி. குதிரை ஓடற சத்தமிருக்குது, மழையில நடக்கற சத்தமிருக்குது. எங்கம்மாவ ஏமாத்தறதுக்கு என்ற காலடியவா எடுப்ப?”

“அதுதான் பொறுமையா இருந்துச்சு,” என்றாள் பாஷினி. “மத்தவங்க நடையெல்லாம் அடிக்க வர்ற மாதிரி இருந்துச்சு. உன்றது ஒண்ணுதான் ஆசையா வர்ற மாதிரி இருந்துச்சு.”

அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் தமயந்திக்கு அவளை அடிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மாடிப்படியில் போய் நின்று அர்த்தநாரிக்குப் போன் போட்டாள். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் ஊரின் மறுகோடியிலிருந்து அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்து திரும்பக் கூப்பிடும்வரை வெயிலிலேயே நின்றாள்.

“அம்மிணி,” என்றார் அர்த்தநாரி. அவர் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. “அவன் கிளம்பவே இல்லீங்களாமா. முந்தாநாள் வரைக்கும் இங்கயேதான் படுத்துக் கிடந்திருக்கறான். யாராச்சும் வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தானாமா. அப்பறம் ஒருத்தரும் வர்லன்னதும், ஒடம்பு முடியாமயே, யாரோ லாரிக்காரனோட ஏறிப் போயிட்டானாம். மாலேகான்ங்கறாங்க, பிவண்டிங்கறாங்க. எங்கன்னு சொல்லலீங்க.” அப்புறம் அவரே சொன்னார்: “நீங்க கிளம்பிட்டான்னு சொன்னதால நானும் போயிப் பாக்கலீங்க அம்மிணி. பாத்திருப்பேன். சொன்னதால பாக்கல.”

அதற்குள் பாவாயி விழித்து வேலைக்குப் போய்விட்டிருந்தாள். தமயந்தி தறிப்பட்டறைக்குப் போனாள். அம்மாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, கையைக் காட்டி, அவ்வளவு சத்தத்துக்கு நடுவே, சத்தமே இல்லாமல், உதட்டால் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். பாஷினி போட்டது என்று சொன்னாள். அண்ணன் கிளம்பவேயில்லை என்று சொன்னாள். அங்கேயே காத்திருந்தான், இப்போது அங்கே இல்லை என்று சொன்னாள். பாவாயி மகளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தார் சுற்றும் மெஷினில் நூல் தீர்ந்து கம்பி வெறுமனே சுற்றியது.

“காத்துட்டா இருந்தான்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

பாவாயி மெஷினை நிறுத்தினாள்.

விஷயம் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சண்டை வரும் என்று தமயந்தி நினைத்தாள், வரவில்லை. செங்கோடன் கடையை யாரும் உடைக்கவில்லை. மறுநாள் காலையில் வரிசையில் நின்றவர்கள் அவளைக் கண்டதும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கம்மாவுக்குப் பொய்யா இருக்கலாம் கண்ணு, எனக்குக் கேட்டது எம்மவன்தான், எனக்குத் தெரியாதா?” என்றாள். இன்னொருத்தி, அணைக்க வேண்டுமானால் உன் அம்மா உட்காருகிற நேரத்துக்கு மட்டும் அணைத்துக்கொள் என்றாள். நாச்சிமுத்து, படித்த பிள்ளை இப்படி ஊர் வாயில் மண்ணைப் போடலாமா என்றார். தமயந்தி ஒருவரிடமும் வாதாடவில்லை. உள்ளே போய்ச் சரவுண்டை அணைத்தாள், லைனைப் பிடுங்கினாள், இரைச்சலில்லாமல் இருக்கிறதா என்று ஒருதடவை கேட்டாள், வரிசையில் முதலில் நின்றவளிடம் ஹெட்போனைக் கொடுத்தாள். அவள் போட்டுக் கேட்டுவிட்டுக் கழற்றி, “கெட்டுப்போச்சு” என்று செங்கோடனிடம் சொன்னாள். அதன்பிறகு ஒவ்வொருத்தராக வந்து போட்டுப் பார்த்து, கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தமயந்தி அந்தப் பக்கம் படியிறங்கியதும் பாஷினி மறுபடி லைனைச் செருகினாள். ஊர் கேட்டுக்கொண்டதால்தான் செருகினாள்.

பாவாயி அன்றைக்கே ஒரு பையில் இரண்டு சேலையும், கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றியும் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மாலேகானா பிவண்டியா என்று கேட்டதற்கு, போய்த்தான் பார்க்கணும் என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஈரோட்டு பஸ்ஸுக்கு நின்றபோது பாஷினி மாடியிலிருந்து ஓடிவந்தாள். தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாஷினி அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

பாவாயிதான் பேசினாள். பாஷினியின் கன்னத்தில் பஞ்சு ஒட்டிய கையை வைத்தாள்.

“நீ போட்டது நல்லாத்தான் கண்ணு இருந்துச்சு,” என்றாள். “பெத்து வளத்து இத்தன வருசம் ஆச்சு. எம்பையன் நடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. தெரிஞ்சிருந்தா நீ ஏமாத்தியிருக்க முடியாது.”

பாஷினி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் வந்தது. தமயந்தி அம்மாவை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். பாலத்தைத் தாண்டியதும் தறிச்சத்தம் நின்றது, சட்டென்று காது காலியானது. பாவாயி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடத்திலெல்லாம், ஏறுகிறவர்களின், இறங்குகிறவர்களின் கால்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்: இது செருப்பா, இது பூட்ஸா, இது வெறுங்காலா என்று மகளைக் கேட்டுக் கேட்டு, சின்னக் குழந்தை எழுத்துப் படிப்பதைப்போல ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டாள். வடக்கே எங்கேயோ ஒரு தறிப்பட்டறையில் சுவரோரம் படுத்திருந்தவனை நோக்கி இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு அது கேட்கவில்லை.